நாலு மரம் மாற்றிய கிட்டார்

லூக்காஸைப் பொறுத்தவரை ஊரில் இரண்டு விஷயங்கள் கெட்டுப்போயிருந்தன. ஒன்று அவருடைய கிட்டார், மற்றது சில்வண்டு. தேயிலைக்கு மருந்து அடித்து அடித்தே சில்வண்டு இனம் அழிந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பின்னேரம் ஐந்து மணிக்கு மலையே அதிரக் கத்திய பூச்சி, இப்போது ஒன்றுகூட இல்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, காலம் அப்படி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒரு மைல் மேலே நடந்தால் அவர் இருக்கும் லயம், தொழிலாளர் வீடுகளின் வரிசை, வரும். வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடமாக ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்துவிட வேண்டாம். தேயிலை ஆலைக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அங்கே கொழுந்தை உருட்டிப் பிழிகிற பெரிய இயந்திரத்தை ரோதை என்பார்கள். லூக்காஸ் ரோதைக்காரர். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதென்றாலும் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். சேர்ந்த புதிதிலேயே காதுக்கு ஒரு மூடி கொடுத்தார்கள். அன்றைக்கே அதை ஆணியில் மாட்டியவர் பிறகு எடுக்கவே இல்லை. காதை மூடினால் ரோதை பேசுவது எப்படிக் கேட்கும் என்பது அவருடைய நியாயம். மனுஷன் சொன்னால் கேட்கிற ரகம் இல்லை.

ஆறு நாள் ரோதைக்காரர், ஏழாம் நாள் கிட்டார்காரர். தோட்டத்து மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவோடு உட்கார்ந்து வாசிப்பார். பண்டாரவளையில் பழசாக வாங்கிய சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவருக்கு, நாலு பேர் முன்னால் நிமிர்ந்து உட்காரக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கோயிலின் இடது பக்க மூலைதான். பாட்டுக்கு நடுவே இரண்டு வரி அவர் தனியாக வாசிப்பார். அப்போது சனம் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தும். அந்த இரண்டு வரிக்காகத்தான் அவர் வாரம் முழுக்க ரோதையோடு மல்லுக்கட்டினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தக் கிட்டார்தான் நாலைந்து வருடமாக மந்தமாகிக்கொண்டு வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. தடித்த தந்திகள் முழங்கின. மெல்லிய தந்திகளில் இருந்த மினுக்கம் எங்கேயோ போய்விட்டது. லூக்காஸ் யோசித்துப் பார்த்து, ஈரம்தான் காரணம் என்று முடிவுகட்டினார். மலைப் பனி கிட்டாரின் ஒட்டுப்பலகை உடம்புக்குள் இறங்கி, பலகை உளுத்து, மரம் சத்தத்தைத் தின்கிறது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஜெஸ்டினைப் பிடித்தார். ஜெஸ்டின் தோட்டத்துத் தச்சர். கோயிலின் மைக், ஸ்பீக்கர், மிக்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவரும் அவரே. பேச்சுக் குறைந்த மனிதர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு தடவை தலையை ஆட்டுவார்.

"ஜெஸ்டின், மரம் சத்தத்தத் தின்னுது. நல்ல பலாவுல ஒரு உடம்பு வெட்டிக் குடுங்க."

ஜெஸ்டின் தலையை ஆட்டினார், வெட்டிக் கொடுத்தார். பழையதிலிருந்து கழுத்தையும் பிக்கப்பையும் கழற்றி அதில் பூட்டினார்கள். பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும். தந்தி துடிக்கிற துடிப்பை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். பலா உடம்பு வந்ததும் கிட்டாருக்கு உயிர் வந்தது போல் லூக்காஸுக்குத் தோன்றியது. மாதங்கள் போகப் போக மறுபடி அதே மந்தம். அடுத்த வருடம் மாமரம். அதற்கடுத்த வருடம் சவுக்கு, தேயிலைக்கு நிழல் தருகிற லேசான மரத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். நாலாவது டர்பன்டைன் என்கிற கனத்த மரம், அதைத் தோளில் மாட்டினால் சிலுவை சுமக்கிற மாதிரி இருக்கும். நாலு தடவையும் ஜெஸ்டின் ஒரு கேள்வி கேட்காமல் வெட்டி, இழைத்து, பொலிஷ் போட்டுக் கொடுத்தார்.

லூக்காஸும் சும்மா இருக்கவில்லை. பிக்கப்புக்கு அடியில் காட்போட் துண்டுகளை வைத்துத் தந்தியைத் தொட்டுவிடுகிற உயரத்துக்குத் தூக்கினார். உள்ளே இருக்கும் சின்னக் கப்பாசிட்டர் ஒன்று மேல் சத்தத்தை மழுக்குகிறது என்று யாரோ சொல்ல, அதையும் கத்தரித்து எறிந்தார். எம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் மேல் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முறுக்கிக்கொண்டே போய், இனி முறுக்க இடமில்லை என்ற இடத்தில்தான் கையை எடுத்தார்.

மாதா திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், பாடகர் குழுவை நடத்தும் கேசினி டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து பதினொரு வருடமாக இந்த மலையிலேயே தங்கிவிட்டவர்.

"லூக்காஸ் அண்ணை, கோவிக்காதேங்கோ. இந்த முறை பூசை வெளியில, விளையாட்டு மைதானத்தில. சவுண்ட் எல்லாம் டவுன் ஆக்கள்தான் போடீனம். எங்கட ஜெஸ்டின் மிக்சரில இருக்க மாட்டார்."

"அதுக்கென்னங்க டீச்சர்?"

"உங்கட கிற்றார் காதைக் குத்துது அண்ணை. சரியான கீச்சு. அவங்கட பெரிய ஸ்பீக்கரில போட்டா சனம் எழும்பிப் போயிடும். முதல்நாள் ஒத்திகை வச்சிருக்கிறம். அதுக்குள்ள சரிவராட்டி, இந்த முறை கீபோர்டோட மட்டும் சமாளிப்பம்."

டீச்சருக்கும் அதைச் சொல்வது லேசாக இல்லை. சொல்லும்போது நிலத்தைத்தான் பார்த்தார். லூக்காஸுக்குத் தலைகால் புரியவில்லை. மந்தமாகக் கிடக்கிற கிட்டாரைப் போய்க் கீச்சு என்கிறாரே. கீபோர்ட் வாசிப்பது டீச்சரின் மகள், விஷயம் அதுதான் என்று ஒரு கெட்ட நினைப்பு வந்து போனது. அதை அவர் பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னார்.

நேரே ஜெஸ்டினிடம் போய் ஐந்தாவது மரம் கேட்டார். ஜெஸ்டின் உளியைக் கீழே வைத்தார்.

"இனி மரம் வெட்ட மாட்டேண்ணே. பதுளைல மோட்டாருக்குக் கம்பி சுத்துற கட ஒண்ணு இருக்கு. ஜெனீரானு ஒரு அக்கா. கிட்டார அங்க கொண்டுபோய்க் காட்டுங்க. பிக்கப்பப் பாக்கச் சொல்லுங்க."

ஜெஸ்டின் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை லூக்காஸ் அதற்கு முன் கேட்டதில்லை. அதனாலேயே மறுபேச்சில்லாமல் போனார்.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. எரிந்துபோன தண்ணி மோட்டார்களும் மின்விசிறிகளும் வாசல் வரை குவிந்து கிடந்தன. ஜெனீராவின் கணவர் நப்ரீஸுக்கு மோட்டார்களைக் கொண்டுவந்து சேர்ப்பதும் திருப்பிக் கொடுப்பதும் மட்டும்தான் வேலை. கம்பி சுற்றுகிற கை ஜெனீராவுடையது. டவுனில் பாண்ட் வாசிக்கிறவர்களின் பிக்கப் இரண்டு மூன்றும் அவர் கைக்கு வந்து போயிருந்தன.

ஜெனீரா கிட்டாரைச் சின்ன எம்ப் ஒன்றில் பூட்டி மெல்லிய தந்தியை ஒரு தட்டுத் தட்டினார். உடனே கண்ணைச் சுருக்கினார்.

"அண்ணன், இது உங்களுக்கு மந்தமா கேக்குதா?"

"ஆமா தங்கச்சி. மரம் தின்னுது."

ஜெனீரா திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தார். காட்போட் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்தார்.

"இத நீங்களா வச்சீங்க? காந்தம் தந்தியோட ஒட்டிக்கிட்டு நிக்குது. தந்தி ஒழுங்கா துடிக்க முன்னமே இழுத்துப் புடிச்சு நிப்பாட்டுது. மரம் ஒண்ணும் தின்னல்ல. நீங்கதான் திங்க வச்சிருக்கீங்க."

பிக்கப்பை இறக்கிவிட்டு மறுபடி தட்டினார். சத்தம் நீண்டு, நின்று, மெதுவாக ஓய்ந்தது. அந்த வித்தியாசம் லூக்காஸுக்கே தெரிந்தது. ஆனால் மினுக்கம் இல்லை. அதைச் சொன்னார்.

ஜெனீரா தட்டிலிருந்து ஒரு பலகையை உருவினார். அதுவரை அதன் மேல் வார்னிஷ் டின் இருந்தது. இரண்டு பக்கமும் ஆணி இறுக்கி, ஒரே ஒரு தந்தியை இழுத்துக் கட்டி, அதே பிக்கப்பை அடியில் வைத்து வாசித்துக் காட்டினார்.

"உங்க டர்பன்டைனுக்கும் இந்தப் பலகைக்கும் என்ன வித்தியாசம்?"

லூக்காஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கொஞ்சம்... பெரிசா ஒண்ணும் இல்லையே தங்கச்சி."

"கொஞ்சம் இருக்கும். இறுக்கமான மரத்துல தந்தி கூட நேரம் துடிக்கும். மடியில வச்சி வாசிக்கிற ஆளுக்கு நெஞ்சில அதிரும். ஆனா ஸ்பீக்கருக்குப் போறது காந்தமும் சுருளும் சொல்றதுதான். எத்தன சுத்து, தந்திக்கு எவ்வளவு கிட்ட, என்ன காந்தம். மரம் அதுக்கெல்லாம் பொறகு வாறது."

நாலு மரமும் லூக்காஸின் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. அப்போதுதான் ஜெனீரா மேசையில் கிடந்த மின்விசிறி மோட்டார் ஒன்றைச் சோதிக்க ஓடவிட்டார். ஓடவிட்ட வேகத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பேரிங் கத்துற கத்தைப் பாருங்களேன்."

"எது? அருமையா ஓடுச்சே."

ஜெனீராவின் கை சுவிட்சில் அப்படியே நின்றது. மறுபடி போட்டார். "இப்ப?"

"நல்லாத்தானே ஓடுது."

எதிரே தையல் கடையிலிருந்து ஒரு பெண், "ஜெனீரா, அத நிப்பாட்டுங்க, காது கிழியுது" என்று சத்தம் போட்டாள். ஜெனீரா நிறுத்தினார். ஸ்டூலை இழுத்து லூக்காஸுக்கு நேரே உட்கார்ந்தார்.

"அண்ணன் எங்க வேல செய்றீங்க?"

"ஸ்டோர்ல. ரோதையில. இருபத்தாறு வருசம்."

"சில்வண்டு கத்துறது கேக்குமா உங்களுக்கு?"

"அதெல்லாம் அழிஞ்சு போச்சே தங்கச்சி. மருந்தடிச்சு, மருந்தடிச்சு..."

ஜெனீரா சிரிக்கவில்லை. "நேத்துப் பின்னேரம் எங்க வீட்டு மாமரத்துல கத்துன கத்துல போன் பேச முடியல்ல அண்ணன்" என்று மெதுவாகச் சொன்னார்.

கெட்டுப்போனது கிட்டாரும் இல்லை, சில்வண்டும் இல்லை, லூக்காஸின் காதுதான். இத்தனை வருடம் இல்லாத குறையை மரத்தில் தேடிய மடையன் நான்தான் என்று அவருக்கு விளங்கியது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். இனி வாசிக்காமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தார். ஜெனீரா விடவில்லை.

"மேல் சத்தம் உங்க காதுக்கு வாறதில்ல. நீங்க அதத் தேடித் தேடி ஏத்த, மத்தவங்களுக்குக் குத்துது. அத விட்டுடுங்க. நடுச் சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்குதுதானே? நான் கூடச் சுத்து சுத்தி, அத பெருப்பிச்சுத் தாறேன். கூடச் சுத்துனா கீச்சு தன்னால அடங்கும். உங்களுக்கும் கேக்கும், சனத்துக்கும் இதமா இருக்கும். கம்பி கொழும்புலருந்து வரணும், தலைமுடிய விட மெல்லிசு. சுத்தி முடிச்சு மெழுகுல முக்கணும். இல்லாட்டி சுருள் ஆடி ஸ்பீக்கர் ஊளையிடும். மோட்டாருக்கு வார்னிஷ் ஊத்தி அவிப்பம், இது அந்தச் சூடு தாங்காது. நல்ல மெழுகு கெடைக்குமா?"

"கோயில்ல மெழுகுவர்த்தித் துண்டு பெட்டி நெறையக் கெடக்கு."

"அது போதும். காதையும் ஆஸ்பத்திரியில காட்டுங்க அண்ணன்."

அடுத்த நாள் பின்னேரம் மெழுகுத் துண்டு பொறுக்கக் கோயிலுக்குப் போனார். யாரும் இல்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த பெட்டியிலிருந்து இரண்டு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது மிக்சர் கண்ணில் பட்டது. மூடியிருந்த துணியைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் அவர் அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததே இல்லை. அது ஜெஸ்டினின் இடம்.

ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரிசைக் குமிழ்கள். ஐந்தாவது வரிசையில் மேலே இருந்த ட்ரெபிள் குமிழ் மட்டும் அடியோடு குறைத்து வைக்கப்பட்டிருந்தது. அது அசையாதபடி மேலே ஒட்டுப் பிளாஸ்டர். பிளாஸ்டரில் பென்சிலால் எழுதியிருந்தது: 'லூக்காஸ் அண்ணன். தொடாதே.' ஓரம் உரிந்திருந்ததை விரலால் தூக்கினால் அடியில் இன்னொரு பிளாஸ்டர், அதற்கும் அடியில் பழுப்பேறிய இன்னொன்று. எழுத்து மங்க மங்க ஜெஸ்டின் புதிதாக ஒட்டி எழுதியிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னைச் சின்னப் பிள்ளையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்தார். பக்கத்திலிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் கீச்சிட்ட ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் குமிழ் அதை வாங்கி விழுங்கியிருக்கிறது. சனம் தலை நிமிர்ந்து பார்த்த அந்த இரண்டு வரிகளை அவர் தனியாக வாசித்ததே இல்லை. ஜெஸ்டினும் கூடவே வாசித்திருக்கிறார். கேசினி டீச்சர் ஒத்திகைகளில் இந்தக் குமிழின் உதவியில்லாமல் எம்ப்புக்குப் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்து தாங்கியிருக்கிறார். லூக்காஸ் அழுதார். அதைச் சொல்வதில் வெட்கமில்லை, அவரே பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சூசையம்மா கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காது கேக்கலேனு ஒனக்குத் தெரியுமா?"

சூசையம்மா துண்டால் முகத்தைத் துடைத்தாள். "தெரியுங்க."

"எப்பருந்து?"

"குக்கர் விசிலடிச்சுக்கிட்டே கெடந்து பருப்பு கருகுச்சே, பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சீங்களே, அன்னையிலருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கிட்டாரத் தூக்கி மூலைல வச்சிருவீங்க. அப்புறம் ஞாயித்துக்கெழம முழுக்க ஒங்க மூஞ்சிய யாரு பாத்துக்கிட்டு இருக்குறது?"

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இப்ப சில்வண்டு கத்துதா?"

அவள் ஒரு நிமிடம் காது கொடுத்தாள். "கத்துதுங்க. அந்தச் சவுக்கு மரத்துல. இப்ப ஒண்ணு நின்னுச்சு. இந்தா, கீழ் லயத்துப் பக்கம் ஒண்ணு ஆரம்பிக்குது." அவள் விரல் போன பக்கமெல்லாம் அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சில்வண்டு சாகவில்லை என்பதில் அவருக்கு நிஜமாகவே ஒரு நிம்மதி இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்த டாக்டர், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். மறுநாள் லூக்காஸ் ஸ்டோரில் ஆணியில் தொங்கிய மூடியை எடுத்தார். ரப்பர் காய்ந்து நொறுங்கியது. புதிது கேட்டு வாங்கி மாட்டினார். மூடியோடும் ரோதை பேசத்தான் செய்தது, காலடியில் அதிர்ந்தது.

கம்பி வந்ததும் ஜெனீரா இரண்டு நாள் இருந்து சுற்றினார். தண்ணீர்ச் சட்டிக்குள் டின்னை வைத்து மெழுகை உருக்கி, புகை வராத சூட்டில் பிக்கப்பை இறக்கினார். சுருளிலிருந்து சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் வந்து, குறைந்து, நின்றன. கத்தரித்து எறிந்த கப்பாசிட்டரின் இடத்தில் புதிது ஒன்றை ஒட்டினார். எந்த உடம்பில் பூட்டுவது என்று கேட்டபோது லூக்காஸ் சவுக்கு என்றார்.

"சத்தத்துக்கா?"

"தோளுக்கு தங்கச்சி. அதுதான் நாலுலயும் பாரம் கொறச்சல்."

டர்பன்டைனைக் கதிரைக்குக் கால் வெட்ட ஜெஸ்டின் எடுத்துக்கொண்டார்.

ஒத்திகை நாளில் மைதானத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் நின்றன. டவுனிலிருந்து வந்தவர் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துவிட்டுக் கையைக் காட்டினார். ஜெஸ்டினுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். லூக்காஸ் தந்தியைத் தொடுவதற்கு முன் கேசினி டீச்சரின் முகத்தைப் பார்த்தார். இனிமேல் அவர் வாசிக்க வேண்டியது முகத்தைப் பார்த்துத்தான்.

பாட்டுத் தொடங்கியது. இரண்டு வரி வந்தது. லூக்காஸ் வாசித்தார். சத்தம் தடித்து, இதமாக, அவருடைய காதுக்கே முழுசாக வந்தது. பல வருடத்துக்குப் பிறகு அவர் தன் கிட்டாரைக் கேட்டார். அந்த நேரம் ஜெஸ்டினின் கை பழக்கத்தில் சவுண்ட்காரரின் தோளுக்கு மேலாக ட்ரெபிள் குமிழுக்கு நீண்டது. பாதியில் நின்றது. அங்கே செய்ய ஒன்றும் இல்லை. கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். லூக்காஸ் அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, ட்ரெபிள் இவ்வளவு போதுமா?" என்று சவுண்ட்காரர் மைக்கில் கேட்டார்.

"என்னயக் கேக்காதீங்க தம்பி. ஒங்களுக்குப் பின்னால நிக்கிறாரே, அவரக் கேளுங்க. நாலு வருசமா எனக்குக் காது அவருதான்."

அது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. ஜெஸ்டின் நிலத்தைப் பார்த்துக்கொண்டே "சரியா இருக்கு" என்றார். டீச்சர், "காணும் அண்ணை, இப்பிடியே விடுங்கோ" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

திருவிழாவன்று அந்த இரண்டு வரிக்கு மைதானமே தலை நிமிர்ந்தது. பூசை முடிந்து சனம் கலைந்தபின் ஜெஸ்டின் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். லூக்காஸ் பக்கத்தில் போய் நின்றார். நன்றி சொல்லத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

"மரத்துல ஒண்ணும் இல்லேனு தெரிஞ்சுக்கிட்டே நாலு தடவ வெட்டினீங்களே ஜெஸ்டின், ஏன்?"

ஜெஸ்டின் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "புதுசா ஒண்ணு வெட்டிக் குடுத்தா நீங்க கொஞ்ச நாள் சந்தோசமா வாசிப்பீங்கண்ணே. அதுக்குத்தான்."

லூக்காஸ் குனிந்து வயரின் மற்ற நுனியை எடுத்தார். இரண்டு பேருமாகச் சுருட்டினார்கள்.